பழைய போன்ல வர்ற அக்கவுண்ட் லாக்: அது எதுக்கு, சாவி யார்கிட்ட இருக்கு

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கிட்டு வந்து வீட்ல உக்காந்து ஆன் பண்ணி, மொழி செலக்ட் பண்ணி, வைஃபை குடுத்து, அடுத்த ஸ்க்ரீன்ல "இந்த போன்ல ஏற்கனவே இருந்த கூகுள் அக்கவுண்ட்டைப் போடுங்க"ன்னு வந்து நின்னுடும், அதுக்கு மேல ஒரு அடி நகராது. நெறைய பேரு முதல் தடவை இந்த ஸ்க்ரீனைப் பாக்கறப்ப போன் ரிப்பேர்னு நினைச்சுடறாங்க. ரிப்பேர் எல்லாம் இல்ல, போன் அதோட வேலையைத்தான் செய்யுது. அது என்ன வேலைன்னு புரிஞ்சுட்டா அடுத்து யாரைப் பாக்கணும் எங்க பணத்தைக் குடுக்கக் கூடாதுன்னு தானா தெரிஞ்சுடும், அதனால முதல்ல அதைச் சொல்லிடறேன்.

வீடு வாங்கறதை நினைச்சுக்கோங்க. வீட்டைக் காலி பண்ணி, கழுவி விட்டு, வெள்ளை அடிச்சு குடுத்துட்டா வீடு உங்களுது ஆயிடுமா? பத்திரம் அவர் பேர்லயே இருந்தா நாளைக்கு அவர் வந்து நின்னா நீங்க வெளியதான் போகணும். போனை ரீசெட் பண்றதுங்கறது வெள்ளை அடிக்கிற மாதிரி. உள்ள இருந்த போட்டோ, வாட்ஸ்அப், நம்பர் எல்லாம் போயிடும். ஆனா இந்த போன் யாரோடதுங்கற பதிவு மட்டும் வேற ஒரு இடத்துல இருக்கு, அதை ரீசெட் தொடாது. அந்தப் பதிவுதான் இந்த லாக்.

இது ஏன் வந்துச்சுன்னா, முன்னாடி எல்லாம் திருட்டு போனை வால்யூம் பட்டன் பவர் பட்டன் ரெண்டையும் சேர்த்து அமுக்கி ரீசெட் பண்ணிட்டா முடிஞ்சுது, அஞ்சு நிமிஷத்துல புது போன் மாதிரி விக்கலாம். பறிகொடுத்தவன் என்ன லாக் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதைத் தடுக்கத்தான் ஆப்பிள் 2013ல ஐஓஎஸ் 7 கூட ஆக்டிவேஷன் லாக்னு கொண்டு வந்தாங்க, கூகுள் 2015ல ஆண்ட்ராய்டு 5.1ல ஃபேக்டரி ரீசெட் புரொடக்‌ஷன் கொண்டு வந்தாங்க. கடைக்காரங்க வாய்ல இது எஃப்ஆர்பி. "எஃப்ஆர்பி லாக் ஆயிருக்குண்ணே"ன்னு சொன்னா இதைத்தான் சொல்றாங்க.

ரெண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு, இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா லாக்கை எப்படி எடுக்கறதுங்கறது இதுலதான் இருக்கு. ஆண்ட்ராய்டுல அந்தப் பதிவு போனுக்குள்ளயே இருக்கு. மெமரியில உங்க டேட்டா இருக்கற பகுதி தனி, இந்தப் பதிவுக்குன்னு ஒரு சின்ன மூலை தனி. ரீசெட் பெரிய பகுதியை மட்டும் அழிக்கும், அந்த மூலையை விட்டுடும். ஐபோன்ல அப்படி இல்ல, பதிவு ஆப்பிளோட சர்வர்ல இருக்கு. போன் புதுசா ஆன் ஆகறப்ப நெட் மூலமா ஆப்பிள்கிட்ட கேக்கும், நான் இன்ன நம்பர் போன், எனக்கு ஓனர் யாராவது இருக்காங்களான்னு. இருக்காங்கன்னு பதில் வந்தா அவங்க ஆப்பிள் ஐடி (இப்ப இதுக்கு ஆப்பிள் அக்கவுண்ட்னு பேரு) பாஸ்வேர்டு கேட்டு நின்னுடும்.

இதனால என்ன ஆகுதுன்னா, ஐபோனை வித்தவர் வேற ஊர்ல, ஏன் வேற நாட்டுல இருந்தா கூட லாக்கை எடுத்துடலாம். அவர் ஐகிளவுட் டாட் காம்ல லாகின் பண்ணி ஃபைண்ட் பகுதியில அந்த போனைத் தேர்ந்தெடுத்து, அழிக்காம இருந்தா அழிச்சுட்டு, அக்கவுண்ட்ல இருந்து ரிமூவ் பண்ணிட்டா போதும், நீங்க போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா லாக் இருக்காது. பாஸ்வேர்டை உங்ககிட்ட சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. ஆண்ட்ராய்டுல கூகுள் லாக் அப்படிப் போகாது. வித்தவர் அவர் ஜிமெயில் செட்டிங்ஸ்ல போய் இந்த போன்ல இருந்து சைன் அவுட் பண்ணிட்டேன்னு சொல்வாரு, நல்ல மனசோடதான் சொல்வாரு, ஆனா ரீசெட் ஆன போனுக்குள்ள இருக்கற அந்த மூலைக்கு அது போய்ச் சேராது. அவர் கையால அந்த போன்லயே பாஸ்வேர்டையோ, ஸ்க்ரீன் லாக்குக்கு வெச்சிருந்த பழைய பின் நம்பரையோ போடணும்.

பழைய பின் நம்பர்னு சொன்னேன் பாருங்க, இது பல பேருக்குத் தெரியாது. என் சித்தி பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம், 7,800 ரூபாய்க்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில போன் வாங்கினா. சாயங்காலம் எனக்கு போன் பண்ணி "அண்ணா, போன் புதுசு மாதிரி இருக்குண்ணா, ஆனா யாரோட ஜிமெயிலையோ கேக்குது"ன்னா. குரல்லயே அழுகை வந்துடுச்சு, பார்ட் டைம் வேலை பாத்து சேர்த்த காசு. மறுநாள் ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் "ரீசெட் பண்ணித்தான்மா குடுத்தேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னாரு, அவர் சொன்னது உண்மைதான், அவர் ரீசெட் பண்ணதாலதான் இந்தக் கேள்வியே வந்து நிக்குது. ஆனா ஒரு நல்ல காரியம் பண்ணிருந்தாரு, போனை வித்தவரோட நம்பரை நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு.

கூப்பிட்டோம், வந்தாரு. கொரியர் வேலை பாக்கறவரு, யூனிஃபார்மோட வண்டியை நிறுத்திட்டு உள்ள வந்தாரு. பாஸ்வேர்டு மூணு தடவை போட்டாரு, தப்பு. அந்த அக்கவுண்ட்டுக்குக் குடுத்த சிம்மும் இப்ப இல்ல, அதனால ஓடிபியும் வராது. எனக்கு மனசு விட்டுடுச்சு. அப்புறம்தான் ஒரு ஸ்க்ரீன் பின்னாடி போய் பாத்தேன், அதுக்கு முந்தின ஸ்க்ரீன்ல ஒன்பது புள்ளி இருந்துச்சு, பழைய பேட்டர்ன் போட்டாலும் ஏத்துக்கும், கூகுள் அக்கவுண்ட் போடறதுங்கறது அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கற ரெண்டாவது வழி. இவ அவசரத்துல அதை அமுக்கி உள்ள போயிருக்கா. "பேட்டர்ன் ஞாபகம் இருக்காண்ணே"ன்னு கேட்டேன். "அதெல்லாம் ஆறு மாசம் ஆச்சுப்பா, எங்க ஞாபகம்"னு சொல்லிக்கிட்டே போனை வாங்கி ஒரு கையில பிடிச்சாரு. பிடிச்ச உடனே அவர் கட்டைவிரல் பாட்டுக்கு மேல இருந்து கீழ இறங்கி, வலது பக்கம் திரும்பி, குறுக்க மேல ஏறுச்சு. தொறந்துடுச்சு. அவருக்கே ஆச்சரியம். மூளைக்கு மறந்தது விரலுக்கு மறக்கல.

அதனால லாக் ஸ்க்ரீன் வந்தா முதல்ல செய்ய வேண்டியது, அது என்ன கேக்குதுன்னு முழுசா படிங்க. கூகுள் அக்கவுண்ட் மட்டும் கேக்குதா, பின் இல்ல பேட்டர்ன் கேக்குதா, இல்ல வேற கம்பெனி அக்கவுண்ட் கேக்குதான்னு. ஐபோன்லயும் ஆக்டிவேஷன் லாக் ஸ்க்ரீன்ல பழைய பாஸ்கோடு போட்டு திறக்கற வழி இருக்கும். அதுல பழைய ஓனரோட மெயில் ஐடி முதல் எழுத்தும் நடுவுல புள்ளி புள்ளியாவும் தெரியும், வித்தவர் பேரோட அது பொருந்துதான்னு பாக்கறதுக்கு அது ஒரு சின்ன துப்பு.

இன்னொன்னு, வித்தவர் பாஸ்வேர்டு மறந்துட்டு அப்பதான் புதுசா மாத்தினாருன்னா உடனே அந்த போன்ல போட்டுப் பாத்து வேலை செய்யலன்னு பயந்துடாதீங்க. பாஸ்வேர்டு மாத்தினதுக்கு அப்புறம் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லுது கூகுள். திருடன் எப்படியோ பாஸ்வேர்டை மாத்திட்டு அதே சூட்டுல போனைத் திறந்துடக் கூடாதுன்னு வெச்ச இடைவெளி அது. ஒரு நாள் பொறுத்துட்டு திரும்ப போடுங்க.

கூகுள் லாக் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க, ஷாவ்மி போன்ல மி அக்கவுண்ட் லாக்னு தனியா ஒண்ணு உண்டு, சாம்சங்கும் சொந்த அக்கவுண்ட் வெச்சிருக்கு. ஷாவ்மியோடது ஐபோன் மாதிரி சர்வர்ல இருக்கற பதிவு, அதனால வித்தவர் மி கிளவுட் தளத்துல லாகின் பண்ணி போனை நீக்கிவிட முடியும். ரெண்டு லாக்கும் ஒரே போன்ல இருக்கலாம், கூகுளை எடுத்துட்டு வந்துட்டோம்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தா இன்னொண்ணு வந்து நிக்கும்.

இப்ப இதைவிட மோசமான ரெண்டு லாக் சொல்றேன். இது ரெண்டும் வாங்கற அன்னிக்கு தெரியாமலே இருக்கலாம்.

ஒண்ணு இஎம்ஐ லாக். தவணையில எடுத்த போன்ல ஃபைனான்ஸ்காரங்க ஒரு லாக் போட்டு வெச்சிருப்பாங்க, சாம்சங்ல நாக்ஸ் கார்டுனு இதுக்குன்னே ஒரு சிஸ்டம் இருக்கு. பைக் ஆர்சி புக்ல ஹைப்பாத்திகேஷன்னு, அதாவது வண்டி மேல கடன் இருக்குன்னு, போட்டிருக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரெண்டு தவணை கட்டிட்டு மிச்சத்தைக் கட்டாம போனை வித்துட்டா உங்க கையில ஒரு மாசம் ரெண்டு மாசம் நல்லா ஓடும், அப்புறம் ஒரு நாள் காலையில ஸ்க்ரீன் முழுக்க தவணை கட்டலன்னு மெசேஜ் வந்து போன் நின்னுடும். ரீசெட் பண்ணாலும் போகாது. கடன் உங்களுது இல்ல, ஆனா போன் உங்ககிட்ட. இதுல ஃபைனான்ஸ் கம்பெனியைத் தவிர யாரும் எடுக்க முடியாது, அவங்க எடுக்கணும்னா கடன் முடியணும். அதனால ரொம்ப புதுசா, மார்க்கெட்ல வந்து ஆறேழு மாசம்கூட ஆகாத போன் பாதி விலைக்கு வந்தா லோன்ல எடுத்ததான்னு வாய்விட்டுக் கேளுங்க, ஆமான்னா கடன் முடிஞ்சுதுன்னு ஃபைனான்ஸ்காரங்க தர்ற என்ஓசி லெட்டரைக் கேளுங்க. செட்டிங்ஸ்ல டிவைஸ் அட்மின் ஆப்ஸ்னு தேடிப் பாருங்க, அங்க ஃபைனான்ஸ் பேருல எதாவது ஆப் உக்காந்திருந்தா அந்த போனை கீழ வெச்சுட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு ஆபீஸ் போன். கம்பெனி வேலைக்காரங்களுக்குக் குடுத்த போன், வேலையை விட்டு போறப்ப திருப்பிக் குடுக்காம வித்துடறது. ஐபோன்ல செட்டப் பண்றப்ப ரிமோட் மேனேஜ்மென்ட்னு ஒரு ஸ்க்ரீன் வந்து ஒரு கம்பெனி பேரைக் காட்டும், ஆண்ட்ராய்டுல இந்த டிவைஸ் உங்க நிறுவனத்துக்குச் சொந்தமானதுங்கற மாதிரி வரும். இதை அந்தக் கம்பெனி ஐடி டிபார்ட்மென்ட்தான் விடுவிக்கணும்.

இனி வாங்கறப்ப என்ன பண்ணணும். கடையில நிக்கறப்பவே, பணம் இன்னும் உங்க பாக்கெட்ல இருக்கறப்பவே. இது ரொம்ப முக்கியம், ஏன்னா பணம் கை மாறின அப்புறம் நீங்க கூப்பிட்டா வித்தவர் எடுக்கறதும் எடுக்காததும் அவர் மனசைப் பொறுத்தது.

போன் பழைய ஓனரோட பின் போட்டு திறந்த நிலையில இருக்கணும், ஏற்கனவே ரீசெட் பண்ணி வெச்ச போனை நம்பாதீங்க. அவர் உங்க கண்ணு முன்னாடி செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போய் கூகுள் அக்கவுண்ட்டை ரிமூவ் பண்ணணும், சாம்சங் இல்ல மி அக்கவுண்ட் இருந்தா அதையும், அப்புறம் ஸ்க்ரீன் லாக்கை எடுத்துடணும், அதுக்கு அப்புறம் செட்டிங்ஸ் உள்ள இருந்தே ரீசெட் பண்ணணும். பட்டனை அமுக்கி வர்ற ரெக்கவரி ஸ்க்ரீன்ல இருந்து பண்ற ரீசெட் வேற, அது ஓனர்னு யாரையும் கேக்காம அழிக்கறது, அதனாலதான் அதுக்கு அப்புறம் போன் சந்தேகப்பட்டு கேள்வி கேக்குது. ஐபோன்னா ஃபைண்ட் மைங்கற, தொலைஞ்ச போனைத் தேடற வசதியை ஆஃப் பண்ணி, ஆப்பிள் ஐடில இருந்து சைன் அவுட் பண்ணிட்டு, ஜெனரல்ல கடைசியில இருக்கற ரீசெட்ல எல்லாத்தையும் அழிக்கணும்.

இதோட முடியல. ரீசெட் ஆகி திரும்ப ஆன் ஆகும், ஹலோன்னு வரும், அதைப் பாத்துட்டு பணத்தைக் குடுத்துடாதீங்க. உங்க மொபைல்ல ஹாட்ஸ்பாட் போட்டு நெட் குடுங்க, நெட் இல்லாம ஸ்கிப் பண்ணிட்டே போனா பல லாக் வெளிய தெரியாது. உங்க ஜிமெயிலைப் போடுங்க, ஹோம் ஸ்க்ரீன் வரணும், உங்க சிம் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்க. கால் மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளிப்பாரு, சுளிக்கட்டும்.

சிம் போடச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அக்கவுண்ட் லாக் ஒரு பக்கம்னா, இந்தியாவுல திருட்டு போன் புகார் ஆச்சுன்னா ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இருக்கற ஐஎம்இஐ நம்பரையே பிளாக் பண்ணுவாங்க, அப்புறம் எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் டவர் கிடைக்காது. 2023 மே மாசம் மத்திய அரசு சஞ்சார் சாத்தின்னு ஒரு போர்ட்டல் கொண்டு வந்தாங்க. அதுல வாங்கப் போற போனோட ஐஎம்இஐ போட்டு நல்ல நம்பரா, பிளாக் ஆனதா, டூப்ளிகேட்டான்னு பாக்கலாம். நெட் இல்லன்னா ஆங்கிலத்துல கே ஒய் எம்னு டைப் பண்ணி ஒரு இடம் விட்டு 15 இலக்க ஐஎம்இஐ போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினாலும் பதில் வரும். போன்ல *#06# அடிச்சா நம்பர் காட்டும், ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர் வரும், ரெண்டையும் பாருங்க, பாக்ஸ்ல ஒட்டியிருக்கற நம்பரோடயும் ஒத்துப் பாருங்க. வீடு வாங்கறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாக்கறோம்ல, இது போனுக்கு வில்லங்கம்.

சரி, இதெல்லாம் தெரியாம ஏற்கனவே வாங்கிட்டு லாக்கோட உக்காந்திருக்கீங்கன்னா. முதல் வேலை வித்தவரைப் பிடிக்கறது, கடைன்னா பில்லோட போய் நிக்கறது. ஓனர் நேர்ல வந்து பின்னோ பாஸ்வேர்டோ போட்டா ஒரு நிமிஷ வேலை. ஐபோன்ல ஒரிஜினல் பில் இருந்தா, அதாவது சீரியல் நம்பர் இல்ல ஐஎம்இஐ அச்சடிச்ச முதல் பில், ஆப்பிள்கிட்டயே ஆக்டிவேஷன் லாக்கை எடுத்துத் தரச் சொல்லி விண்ணப்பிக்க வழி இருக்கு. செகண்ட் ஹேண்ட் கடை துண்டுச் சீட்டு அதுக்கு ஆகாது, அதனால போன் வாங்கறப்ப பழைய பில்லையும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

"500 ரூபா குடுங்க உடைச்சுத் தரேன்"னு சொல்ற இடங்கள் இருக்கு, யூட்யூப்ல வீடியோவும் குவிஞ்சு கிடக்கு. நான் அதைச் சொல்லித் தர மாட்டேன், காரணத்தையும் சொல்லிடறேன். போன் திருட்டு போனா இருந்தா, ஓனர் யாருன்னு கேக்கற ஒரே கேள்வியை நீங்க அழிக்கிறீங்க, திருட்டுப் பொருள்னு தெரிஞ்சும் வெச்சிருந்தா சட்டப்படி குத்தம் உங்க மேலயும் வரும். நேர்மையா வாங்கினதாவே இருந்தாலும், எங்க இருந்தோ இறக்கின சாஃப்ட்வேரை ஏத்தின போன்லதான் நாளைக்கு ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் போடப் போறீங்க, அதுல என்ன சேர்த்து ஏத்தியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும். 2024ல வந்த ஆண்ட்ராய்டு 15ல இருந்து இதை இன்னும் இறுக்கிட்டாங்க, செட்டப்பை ஏதோ குறுக்கு வழியில தாண்டி உள்ள போனாலும் பழைய ஓனர் உறுதி பண்ற வரைக்கும் புது அக்கவுண்ட் போட முடியாது, ஆப் ஏத்த முடியாது, பின் வெக்க முடியாது.

வித்தவர் போனே எடுக்க மாட்டேங்கறாரு, கடையும் கை விரிக்குதுன்னா, ஐஎம்இஐ செக் பண்ணுங்க. பிளாக் ஆனதுன்னு வந்தா பில், வித்தவர் நம்பர், சாட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போலீஸ் ஸ்டேஷன் போறதுதான் உங்களுக்கு நல்லது. யாரோ ஒருத்தர் அந்த போனைத் தேடிட்டு இருக்காங்க.

ஒரு விஷயம் தனியா சொல்லணும். வீட்ல ஒருத்தர் இறந்துட்டா அவங்க போனை வேற யாருக்காவது குடுக்கலாம்னு முதல் வேலையா ரீசெட் பண்ணிடறாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பின் தெரிஞ்சா முதல்ல திறந்து போட்டோவை எல்லாம் எடுத்து வெச்சுட்டு, உள்ள போய் அக்கவுண்ட்டை ரிமூவ் பண்ணிட்டு அப்புறம் ரீசெட் பண்ணுங்க. எங்க தெருவுல ஒரு அக்கா அவங்க வீட்டுக்காரர் போனை பையனுக்குக் குடுக்கறதுக்காக கடையில ரீசெட் பண்ணச் சொல்லிட்டாங்க, போட்டோவும் போச்சு, போனும் அவர் பாஸ்வேர்டு கேட்டு நின்னுடுச்சு, அவரைத் தவிர யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டு. ஐபோனா இருந்தா இறப்புச் சான்றிதழ் மாதிரி ஆவணங்களோட ஆப்பிள்கிட்ட கேட்டா ஆக்டிவேஷன் லாக்கை எடுக்க உதவுவாங்க, ஆனா பாஸ்கோடு தெரியாதுன்னா உள்ள இருக்கற படங்கள் அழிஞ்சுதான் போகும்.

நீங்க உங்க பழைய போனை விக்கறப்பவும் இதே வரிசைதான், பேக்கப், அக்கவுண்ட் ரிமூவ், ஸ்க்ரீன் லாக் எடு, செட்டிங்ஸ்ல இருந்து ரீசெட். வாங்கறவங்ககிட்ட உங்க நம்பரைக் குடுத்துட்டு வாங்க. அந்த கொரியர் அண்ணன் நம்பர் கடை நோட்டுல இருந்ததாலதான் சித்தி பொண்ணு இன்னிக்கும் அந்த போன்லதான் பேசிட்டு இருக்கா. அன்னிக்கு அவர் நாலு தெரு தாண்டி டெலிவரிய நிறுத்தி வெச்சுட்டு வந்தாரு, டீ வாங்கித் தரேன்னதுக்கு "இல்லப்பா, இன்னும் பதினேழு பார்சல் இருக்கு"ன்னுட்டு போயிட்டாரு.